வாசகர் கேள்வி–பதில்: ஜூன் 30-க்குப் பிறகு எந்த ஊர்?

ஐரோப்பாவின் கீழ்நிலைக் கால்பந்து லீக்குகளில் வருடத்துக்கு ஒரு கிளப் சட்டை மாற்றி ஆடும் மிட்ஃபீல்டர்களை, அதாவது நடுக்கள ஆட்டக்காரர்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒப்பந்தம், சம்பளம், உடம்பு பற்றிக் கேட்டவர்களே அதிகம் என்பதால் இந்த முறை அவற்றுக்கே கூடுதல் இடம்.

கேள்வி: பத்து வருடத்தில் எட்டு கிளப் மாறிய வீரரை ‘ஜர்னிமேன்’ என்கிறார்கள். தோற்றுப்போனவர் என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்களா?

பதில்: இல்லை. பத்து வருடமும் யாரோ ஒருவர் அவரை நம்பிச் சம்பளம் கொடுத்திருக்கிறார் என்பதே அந்தப் பட்டியலின் பொருள். அகாடமிகளில் பயிற்சி பெறும் பையன்களில் பெரும்பாலோருக்கு முதல் தொழில்முறை ஒப்பந்தமே கிடைப்பதில்லை. டோனி ஃபோர்டைப் பாருங்கள். 1975-ல் கிரிம்ஸ்பியில் தொடங்கி 2001-ல் ராச்டேலில் முடித்த அவர், வலப்பக்க மிட்ஃபீல்டிலும் பின்வரிசையிலும் ஆடியது 931 லீக் ஆட்டங்கள். கிரஹாம் அலெக்சாண்டர் ஸ்கந்தார்ப், லூட்டன், பிரெஸ்டன் என்று ஏறி, பர்ன்லி அணியோடு இங்கிலாந்தின் முதல்நிலையான பிரீமியர் லீக்கில் முதன்முதலாகக் கால்வைத்தபோது 2009, அவருக்கு வயது 37. இவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வராது.

கேள்வி: கீழ்நிலை லீக் என்றால் எது?

பதில்: பொதுவாக மூன்றாம் நிலையும் அதற்குக் கீழேயும். இங்கிலாந்தில் லீக் ஒன், லீக் டூ, பிறகு நேஷனல் லீக். ஜெர்மனியில் 2008-ல் தொடங்கிய 3-வது லீகா, அதன் கீழ் ஐந்து வட்டாரங்களாகப் பிரிந்த ரீஜியோனல்லீகா. இத்தாலியில் மூன்று பிரிவுகளில் 60 அணிகள் ஆடும் செரி சி, கீழே செரி டி. ஸ்பெயினில் 2021-ல் உருவான பிரிமேரா ஃபெடரேசியோன். ஆனால் வீரருக்கு எண்ணைவிட முக்கியம், அந்த லீக் முழுநேரத் தொழிலா, பகுதிநேரமா என்பது. ரீஜியோனல்லீகாவில் முழுநேர அணியும், வீரர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் அணியும் ஒரே பட்டியலில் இருக்கும்.

கேள்வி: கோல்கீப்பரும் சென்டர் பேக்கும் ஒரே இடத்தில் ஐந்தாறு வருடம் இருக்கிறார்கள். மிட்ஃபீல்டர்தான் அடிக்கடி மாறுகிறார். ஏன்?

பதில்: முதல் காரணம் பயிற்சியாளர். கீழ்நிலை கிளப்களில் பயிற்சியாளர் நாற்காலி வேகமாகக் காலியாகும். புதியவர் வந்ததும் முதலில் மாற்றுவது நடுக்களத்தைத்தான். 4-2-3-1 (பின்னிருந்து முன்னாக வரிசைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு) ஆடிய அணி 4-4-2-க்குப் போனால், முன்வரிசைக்குச் சற்றுப் பின்னே நின்று தாக்குதலை நடத்தும் பத்தாம் எண் ஆட்டக்காரருக்கு இடமே இல்லை. 3-5-2-க்குப் போனால், ஓரத்தில் நின்று தாக்கும் விங்கரை, பின்னால் வந்து தடுக்கவும் வேண்டிய விங் பேக்காக ஓடச் சொல்வார்கள். முடியாதவர் பெஞ்சுக்குப் போவார். கோல்கீப்பருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இரண்டாவது காரணம் வயது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. 3-வது லீகாவில் ஆட்டநாள் அணியில் 23 வயதுக்கு உட்பட்ட உள்நாட்டு வீரர்கள் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும். செரி டி-யில் குறிப்பிட்ட ஆண்டுகளில் பிறந்த இளைஞர்களை ஆட்டம் முழுக்கக் களத்தில் வைத்திருக்க வேண்டும். எந்த ஆண்டுகள் என்பதைச் சீசன்தோறும் அறிவிப்பார்கள். செரி சி-யில் இளைஞர்கள் ஆடும் நிமிடங்களுக்குக் கிளப்புக்குப் பணம் வருகிறது. இருபது வயதில் ஒரு பையன் அணியில் இடம்பிடிப்பதற்கு அவன் பிறந்த ஆண்டும் ஒரு காரணம். வயது கடந்த மறுநாள் அந்தச் சலுகை போய்விடும். இனி முப்பது வயது அனுபவசாலியோடு அவன் நேருக்கு நேர் போட்டியிட வேண்டும். இத்தாலியில் இந்த இடத்தில் வழுக்கி விழுந்த நல்ல ஆட்டக்காரர்கள் பலர்.

அதே வயதில் ஒரு பூட்டு திறக்கவும் செய்கிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, 23 வயது நிறையும் ஆண்டின் முடிவு வரை வீரர் நாடு மாறினால், அவரை வளர்த்த கிளப்களுக்குப் புதிய கிளப் பயிற்சி இழப்பீடு கொடுக்க நேரலாம். இதற்குப் பயந்தே சிறிய கிளப்கள் கைவிரிக்கும். அந்த ஆண்டு தாண்டிவிட்டால் இந்தச் சுமை இல்லை. அதனால் 24 வயதில் உள்நாட்டில் கதவு அடைபட்டவர் வெளிநாட்டில் முயல்வது புத்திசாலித்தனம்.

அனுபவசாலிக்கென்றே ஓர் இடமும் உண்டு. ஜெர்மனியில் பெரிய கிளப்களின் இரண்டாம் அணியில் 23 வயதைக் கடந்தவர்கள் ஒரே நேரத்தில் மூன்று பேர் வரை களத்தில் இருக்கலாம். பையன்களுக்கு நடுவே நின்று ஆட்டத்தை ஒழுங்குபடுத்த பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் ஒரு மூத்த ஆறாம் எண் மிட்ஃபீல்டரை இதற்காகவே எடுப்பார்கள். சம்பளம் நேரத்துக்கு வரும், மைதானம் நன்றாக இருக்கும், மருத்துவ வசதி முதல் தரம். 31 வயதில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் தயங்கவே கூடாது.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் சம்பளம் வரிக்கு முன்னா, வரிக்குப் பின்னா. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் வரிக்கு முந்தைய தொகையைப் பேசுவார்கள். இத்தாலி, ஸ்பெயின் போன்ற தெற்கு நாடுகளில் கைக்கு வரும் தொகையைப் பேசும் பழக்கம் அதிகம். இரண்டு அழைப்புகளில் எழுதியிருக்கும் எண் ஒன்றாகவே இருந்தாலும் கைக்கு வருவதில் பெரிய வித்தியாசம் இருக்கலாம். ‘கைக்கு’ என்று வாயால் சொல்லிவிட்டுத் தாளில் மொத்தத் தொகை என்று எழுதுவதும் நடக்கிறது. அந்த ஒரு சொல்லை விரல் வைத்துப் படியுங்கள்.

அடுத்து மாதங்கள். சீசன் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை என்றாலும், சில கிளப்கள் பத்து மாதத்துக்குத்தான் சம்பளம் தரும். கோடை இரண்டு மாத வாடகை யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

பிறகு போனஸ். ஆடினால் இவ்வளவு என்று இருந்தால், ஆடுவது என்றால் முதல் பதினொருவரில் இறங்குவதா, மாற்று வீரராக வருவதும் சேருமா? “25 ஆட்டம் ஆடினால் ஒப்பந்தம் ஒரு வருடம் தானாக நீளும்” என்ற ஷரத்து இனிப்பாகத் தெரியும். ஆனால் மார்ச் மாதம் 23 ஆட்டத்தில் நிற்கும்போது, நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரே திடீரென்று அணியில் காணாமல் போவார். பணம் இல்லாத கிளப் அப்படித்தான் செலவைத் தவிர்க்கும். எண்ணிக்கையைக் குறைவாகப் பேசி வாங்குங்கள். ஜனவரிக்குள் எட்டிவிடக்கூடியதாக இருக்கட்டும். அணி கீழிறங்கினால் சம்பளம் எவ்வளவு குறையும் என்பது எழுதப்பட்டிருந்தால், அந்த நிலையில் இலவசமாக வெளியேறும் உரிமையையும் பதிலுக்குக் கேட்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா விதி இடம் தரவில்லை. பணி அனுமதிக்கும் இதே விதிதான். பரிசோதனை முதலில், கையெழுத்து பிறகு. கையெழுத்து வாங்கிவிட்டு முழங்கால் ஸ்கேனைக் காட்டி விலக்கப் பார்த்தால், அது கிளப்பின் தவறு.

கடைசியாக, இருவர் கையெழுத்தும் உள்ள பிரதி அன்றே உங்கள் கையில் இருக்க வேண்டும். “கால்பந்துச் சங்கத்தில் பதிந்துவிட்டு அனுப்புகிறோம்” என்றால் அங்கேயே உட்கார்ந்து பிரதி வாங்குங்கள். பின்னால் வழக்கு வந்தால் அந்தத் தாள் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

கேள்வி: சம்பளம் வராவிட்டால்?

பதில்: ஃபிஃபா விதியில் 14-பிஸ் என்று ஒரு பிரிவு உண்டு, 2018-ல் சேர்த்தது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அப்போதும் முழுதாகக் கட்டவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். பலர் தவறுவது வரிசையில். கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு முதலில் ஊருக்குப் போய்விடுகிறார்கள். உடனே கிளப், பணிக்கு வராததால் நீக்கினோம் என்கிறது. நோட்டீஸ் காலம் முடியும்வரை தினமும் பயிற்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கணக்கு விவரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் சேமித்து வையுங்கள். கிளப்பும் வீரரும் வெவ்வேறு நாட்டவர் என்றால் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீரருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். இருவரும் ஒரே நாடு என்றால் அந்த நாட்டு அமைப்பிடம்தான் போக வேண்டும்.

பணம் தீர்ந்த கிளப் எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதற்கு 2019 ஒன்றே போதும். சம்பளம் கிடைக்காத வீரர்கள் விலகிப்போன பிறகு, செரி சி அணியான ப்ரோ பியாசென்சா பிப்ரவரியில் குனியோவுக்கு எதிராக ஏழு பேரோடு களமிறங்கி 20-0 என்று தோற்றது. அத்தோடு லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்பெயினின் ரியூஸ், ஆகஸ்டில் இங்கிலாந்தின் பரி அணிகளும் தங்கள் லீக்குகளிலிருந்து நீக்கப்பட்டன. பரி அப்போதுதான் லீக் ஒன்னுக்கு உயர்ந்திருந்தது. களத்தில் வெற்றி பெறுவதும் கஜானாவில் பணம் இருப்பதும் வேறு வேறு. சேரும் முன் அந்தக் கிளப்பில் போன சீசன் ஆடிய இரண்டு பேரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: சம்பளம் எந்தத் தேதியில் வந்தது?

கேள்வி: ஒரே சீசனில் மூன்று கிளப்புக்கு ஆடலாமா?

பதில்: மூன்றில் பதிவு செய்துகொள்ளலாம், இரண்டுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டங்களில் ஆடலாம். சீசன் காலம் மாறுபடும் நாடுகளுக்கு இடையே போகும்போது விலக்கு உண்டு. பின்லாந்து, சுவீடன், அயர்லாந்து, பால்டிக் நாடுகளில் ஆட்டம் வசந்தத்தை ஒட்டித் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். ஜனவரியில் வேலையிழந்தவர் வடக்கே போனால் புது சீசனின் முதல் நாளிலிருந்து தயாராகலாம்.

கேள்வி: ஜூலை வந்துவிட்டது, கிளப் இல்லை. என்ன செய்வார்கள்?

பதில்: தனியாக ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. பிரான்ஸில் யுஎன்எஃப்பி, ஜெர்மனியில் விடிவி ஆகிய வீரர் சங்கங்கள் வேலையில்லாத வீரர்களுக்கென்றே கோடை முகாம் நடத்துகின்றன. அங்கே முழுப் பயிற்சியும் கிளப்களோடு நட்பு ஆட்டங்களும் உண்டு. ஆகஸ்டில் யாருக்காவது காயம் என்றால் கிளப் முதலில் பார்ப்பது, யார் ஆட்டத் தகுதியோடு இருக்கிறார் என்பதை. வீரர்கள் கிளப் மாறிப் பதிய அனுமதிக்கும் டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்தபின்னும், அதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்துபோனவரைப் பதிவு செய்ய விதி இடம் தருகிறது. செப்டம்பர் வந்துவிட்டதே என்று துவள வேண்டாம். கிளப் ஆளைச் சோதித்துப் பார்க்கும் டிரையலுக்குப் போகும்போது பாஸ்போர்ட், பழைய ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, அண்மை மருத்துவ அறிக்கைகளோடு காயக் காப்பீடும் இருக்கட்டும். காப்பீடு இல்லாமல் டிரையலில் முழங்கால் போனால் செலவு உங்களுடையது.

பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். 2021 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் வெளிநாட்டவர்கள். தாத்தா பாட்டி வழியில் அயர்லாந்து பாஸ்போர்ட் கிடைக்கும் என்றால் இன்றே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: செவ்வாய், சனி என்று வாரம் இரண்டு ஆட்டம். உடம்பு எப்படித் தாங்குகிறது?

பதில்: லீக் ஒன், லீக் டூவில் ஒவ்வொரு அணிக்கும் 46 லீக் ஆட்டங்கள், கோப்பை ஆட்டங்கள் தனி. மிட்ஃபீல்டர் ஆட்டத்துக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். பின்தொடையும் உள்தொடையும்தான் முதலில் கிழிகின்றன. பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி: மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னே சாய்வது. இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. உள்தொடைக்குக் கோபன்ஹேகன் பயிற்சி: பக்கவாட்டில் படுத்து, மேல்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, இடுப்பை உயர்த்துவது. இரண்டையும் ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்தால் கால் கனத்துப்போகும்; ஆட்டம் முடிந்த மாலையோ, அடுத்த ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்போ வையுங்கள்.

சாப்பாட்டில் பிழை நடப்பது மாவுச்சத்தில். ஆட்டத்துக்கு முந்தைய நாளும் ஆட்ட நாளும் மறுநாளும் உடல் எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 கிராம் வேண்டும். 75 கிலோ வீரருக்கு 450 முதல் 600 கிராம். வெளியூர் ஆட்டம் முடிந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் வரும் அணியில் இது கிடைப்பதில்லை, அடுத்த ஆட்டத்தின் 70-வது நிமிடத்தில் கால் நிற்கிறது. பையில் சோற்று டப்பா எடுத்துப்போகும் வீரரைக் கேலி செய்யாதீர்கள்.

கேள்வி: பிரான்ஸ் மிட்ஃபீல்டர் கான்டே மாதிரி மேலே போக வாய்ப்பு உண்டா?

பதில்: 2012–13-ல் பிரான்ஸின் மூன்றாம் நிலையில் பூலோன் அணிக்கு ஆடியவர், 2016-ல் லெஸ்டரோடு பிரீமியர் லீக் பட்டம் வென்றார், 2018-ல் உலகக் கோப்பை. நடந்தது உண்மை. ஆனால் அப்போது அவருக்கு 21 வயது என்பதையும் நினைவில் வையுங்கள். 28 வயதில் மூன்றாம் நிலையில் இருப்பவர் ஒரு நிலை உயர்ந்தாலே அது பெரிய சாதனை.

கேள்வி: ஐந்து நாட்டில் ஆடியவருக்கு ஓய்வூதியம் வருமா?

பதில்: வரும், ஆவணம் இருந்தால். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கட்டிய காப்பீட்டுக் காலங்களை ஒன்றாகக் கூட்டித் தகுதி பார்ப்பார்கள், பிறகு ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தனியாகத் தரும். ஸ்பெயினில் 15 வருடம் தேவை என்றால், அங்கே 3 வருடம் ஆடியவருக்கு மற்ற நாடுகளின் வருடங்களும் சேரும். ஒரு நாட்டில் ஒரு வருடத்துக்கும் குறைவு என்றால் அந்த நாடு தனியாகத் தராது. அந்த மாதங்களை மற்ற நாடுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆகவே நாட்டை விட்டுக் கிளம்பும் முன் சமூகப் பாதுகாப்பு எண், சம்பளச் சீட்டுகள், கிளப் உண்மையில் பணம் கட்டியதற்கான பதிவு மூன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கிளப் திவாலான பிறகு அந்தச் சீட்டைத் தர அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் உரிமம் தொடங்குங்கள். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுயெஃபாவின் பி உரிமத்துக்குக் குறைந்தது 120 மணி நேரம், ஏ-க்கு 180. கோடை முகாமிலும் காயத்தால் ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் பி-யை முடித்துவிடலாம். அனுபவசாலி மிட்ஃபீல்டரை எடுக்கும் இரண்டாம் அணிகளும் பகுதிநேர கிளப்களும், உரிமம் கையில் இருப்பவருக்கு அகாடமிப் பயிற்சியையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகத் தருகின்றன.