குரூப் சேர்ந்து ஆடலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பிக் பாஸ் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடே டிவி முன்னால்தான். சண்டையும் அங்கேதான். "குரூப்பா சேர்ந்து ஆடறவன் உருப்பட மாட்டான், தனியா நிக்கறவனுக்குத்தான் ஜனம் ஓட்டுப் போடும்" என்பது என் மாமியார் கட்சி. காலேஜ் படிக்கும் என் மகள் அமெரிக்க சர்வைவர் (போட்டியாளர்களே ஓட்டுப் போட்டு ஒருவரையொருவர் வெளியேற்றும் நிகழ்ச்சி) பார்க்கிறவள். "குரூப் இல்லாதவன் முதல் வாரமே மூட்டை கட்டணும் பாட்டி" என்கிறாள். யார் சொல்வது சரி?

இன்னொன்று. மே லீவுக்கு எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் 11 பேர் வருவார்கள். போன வருஷம் சில்வர் பீச்சில் ஓட்டுப் போட்டு ஆளை வெளியேற்றும் ஆட்டம் ஆடினார்கள். பெரிய பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்துகொண்டு சின்னதுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டார்கள். ஒரே அழுகை. இந்த வருஷமும் ஆட வேண்டுமாம். விதியை எப்படி வைப்பது?

க., கடலூர்

*

அன்புள்ள க.,

பாட்டி சொல்வதும் சரி, பேத்தி சொல்வதும் சரி. இருவரும் பார்ப்பது வேறு வேறு ஆட்டம். எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் மூன்று விஷயத்தை முதலில் பாருங்கள்: வெளியேற்றப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது (நாமினேஷன்) யார், வெளியே அனுப்புவது யார், கடைசியில் பரிசைக் கொடுப்பது யார். சர்வைவரில் மூன்றும் போட்டியாளர்கள் கையில். வெளியேற்றப்பட்டவர்களே ஜூரியாக உட்கார்ந்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ் பிக் பாஸில் முதல் வேலை மட்டும்தான் வீட்டுக்குள்; மற்ற இரண்டும் ஜனங்களிடம். அமெரிக்க பிக் பிரதர் பெயரில் பிக் பாஸுக்குச் சொந்தம் என்றாலும், 2001-இல் வந்த இரண்டாம் சீசனிலிருந்து ஆட்டமுறையில் சர்வைவர் பக்கம் போய்விட்டது. அங்கே வெளியேற்றுவதும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

உங்கள் மகளின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2000-இல் ஒளிபரப்பான சர்வைவர் முதல் சீசன்: இரண்டு அணியாக 16 பேர், 39 நாள், 10 லட்சம் டாலர். இரண்டு அணிகளும் ஒன்றாகச் சேர்ந்தபோது மீதி 10 பேர். அதில் ரிச்சர்ட் ஹேட்ச், ரூடி, சூ, கெல்லி என்ற நாலு பேர் மட்டும் முன்கூட்டியே பேசி வைத்து ஒரே பெயரை எழுதினார்கள்: கிரெச்சன். மற்ற ஆறு பேர் மனசாட்சிப்படி ஆளுக்கொரு பெயர் எழுதினார்கள். நாலு ஓட்டில் கிரெச்சன் வெளியே போனார். பத்தில் நாலு பெரும்பான்மையே கிடையாது. ஆனால் மற்ற ஓட்டெல்லாம் சிதறிக் கிடக்கும்போது நாலு மலை மாதிரி. உங்கள் சில்வர் பீச்சில் நடந்ததும் இதேதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே சீசனில் ஷான் என்பவர் தான் எந்தப் பக்கமும் இல்லை, பெயர்களின் அகரவரிசைப்படிதான் ஓட்டுப் போடுவேன் என்று அறிவித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அடுத்து யாருக்குப் போடுவார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே! ஜென்னாவின் முறை வந்தபோது கூட்டணி அந்த ஓட்டைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. தனியாக நிற்கிறவர் நடுநிலையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். அவர் ஓட்டு மட்டும் யாருக்கோ இலவசமாகப் போய்க்கொண்டிருக்கும்.

கூட்டணிக்கு எத்தனை பேர் வேண்டும்? புதிதாக ஆடுபவர்கள் ஆள் சேர்த்துக்கொண்டே போவார்கள். அது வினை. பத்துப் பேரில் ஏழு பேர் கூட்டணி என்றால், ஏழாவது இடத்தில் இருப்பவருக்குத் தன் இடம் தெரியும்: எதிரணி மூன்று பேரும் போனதும் அடுத்த தலை தன்னுடையது. அவர் தனியாகத் தாவினால் 6–4, பிரயோஜனமில்லை. ஐந்தாம், ஆறாம் ஆளையும் இழுத்துக்கொண்டு போனால் 4–6, கவிழ்ந்தது. அதனால் கெட்டிக்காரர்கள் நாலு பேரோடு நிறுத்திக்கொண்டு, மேலே தேவைப்படும் இரண்டு ஓட்டை அந்தந்த வாரத்துக்குக் கடன் வாங்குவார்கள். நாலு பேருக்குள்ளும் இரண்டிரண்டு பேராக ரகசிய உடன்பாடு இருக்கும். "கடைசி மூணுல நீயும் நானும்" என்று ஒரே ஆள் மற்ற மூன்று பேரிடமும் சொல்லியிருப்பார். அந்த மூன்று பேரும் ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பேசிக்கொண்டால் தீர்ந்தது.

இந்த எண்ணிக்கைக் கணக்கு புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30, நியமன உறுப்பினர்கள் 3. அந்த மூவருக்கும் ஓட்டு உண்டு. 2021 பிப்ரவரியில் அரசு கவிழ்ந்தபோது எதிரணியின் 14-இல் அந்த 3 பேரும் அடக்கம். வைல்டு கார்டில் (ஆட்டத்தின் நடுவில்) வருகிறவர்களை அப்படித்தான் பார்க்க வேண்டும். முதல் நாள் கணக்கில் இல்லாத ஓட்டு, வந்த அன்றே செல்லும்.

2005-இல் குவாத்தமாலா சீசனில் ஒளித்துவைத்த இம்யூனிட்டி சிலை வந்த பிறகு கணக்கு இன்னும் கடினமாகிவிட்டது. சிலையை எடுத்து நீட்டினால் அவர் மேல் விழுந்த ஓட்டெல்லாம் செல்லாது. இதற்கு மருந்து ஓட்டைப் பிரிப்பது. பெரும்பான்மை 6, சிறுபான்மை 3 என்று வையுங்கள். சிறுபான்மையில் ஒருவரிடம் சிலை இருக்கலாம் என்று சந்தேகம். ஆறு பேரும் மூன்று மூன்றாகப் பிரிந்து அந்த அணியின் இரண்டு பேர் மேல் போட வேண்டும். சிலை வைத்திருப்பவர் தப்பித்தாலும், இன்னொருவர் மேல் 3, எதிரணி போட்ட 3, சமன். மறு ஓட்டில் பெரும்பான்மை அவரை அனுப்பிவிடும். இதே வேலையை 5 பேர் செய்தால் 3–2 என்றுதான் பிரிக்க முடியும். அந்த 3 செல்லாமல் போனால் 2-க்கு எதிராக 3, தன் ஆளே வெளியே போவார். எதிரணியைப் போல இரண்டு மடங்கு ஆள் இல்லாவிட்டால் பிரிக்கவே கூடாது. ஆறு பேர் இருந்தும் சொதப்புவது எப்போதென்றால், கடைசி நிமிஷத்தில் யாரோ ஒருவர் "எதுக்கும் இருக்கட்டும்" என்று பக்கத்துப் பெயருக்கு மாற்றிப் போடும்போது.

எண்ணிக்கையை வைத்து மட்டும் ஜெயித்துவிட முடியாது என்பதற்கு ரஸ்ஸல் ஹான்ட்ஸ் சாட்சி. 2009 சமோவா சீசனில் சிலைகளைத் தேடித் தேடி எடுத்து எதிரணியைக் காலி செய்துகொண்டே கடைசி வரை வந்தார். ஜூரி நடாலி வைட்டுக்கு 7 ஓட்டுப் போட்டது, அவருக்கு 2. அடுத்த சீசனிலும் கடைசி மூவரில் ஒருவர்; ஓட்டு பூஜ்யம். அனுப்பிய விதத்தை ஜூரி மறப்பதில்லை. இதற்கு நேர் எதிர் ஹேட்ச். முதல் சீசனின் கடைசிப் போட்டியில் மூன்று பேர் கட்டைமேல் நின்று நடுவில் இருக்கும் சிலையைக் கையால் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஹேட்ச் கையை எடுத்துவிட்டு இறங்கிவிட்டார். பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். ஜெயித்திருந்தால் ரூடியா கெல்லியா என்று அவர் முடிவு செய்ய வேண்டும்: ரூடியைக் கூட்டிப் போனால் ஜூரி ரூடிக்குப் போட்டுவிடும், ரூடியை அனுப்பினால் ரூடியின் ஓட்டு போய்விடும். அந்தப் பழியை கெல்லி தலையில் வைத்தார். கெல்லி ஜெயித்து ரூடியை அனுப்பினார், ரூடி ஜூரியில் ஹேட்சுக்குப் போட்டார். முடிவு 4–3. அந்த ஒரு ஓட்டுதான் பத்து லட்சம்.

நம் ஊரிலும் இந்த வகை ஆட்டம் வந்தது. 2021-இல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய சர்வைவர். சான்சிபாரில் காடர்கள், வேடர்கள் என்று இரண்டு அணி. விஜயலட்சுமி ஜெயித்தார், பரிசு 1 கோடி. அதில் 'மூன்றாம் உலகம்' என்று ஒரு தீவு உண்டு. வெளியேறியவர்கள் அங்கே இருந்து போட்டிபோட்டுத் திரும்பி வரலாம். முதுகில் குத்தியவனுக்கு அதைவிடப் பயம் வேறில்லை.

இப்போது மாமியார் பக்கம். பிக் பாஸில் ஆளுக்கு இரண்டு பெயர், காரணத்தோடு. வீட்டில் 14 பேர் என்றால் 28 ஓட்டு. ஆறு பேர் குரூப் ஒரே பெயரைச் சொன்னால் அந்த ஆள் நாமினேஷனில் வருவது நிச்சயம். குரூப்பின் அதிகாரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. நாமினேஷனைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. அதனால் பெயரைச் சொல்லாமல் காரணத்தைத்தான் பரப்புவார்கள். கன்ஃபெஷன் ரூமுக்குள் ஒருவர் பின் ஒருவராக வந்து "அவங்க யார்கூடவும் மிங்கிள் ஆகல பிக் பாஸ்" என்று அச்சடித்த மாதிரி சொல்லும்போது வீட்டுக்குள் யாருக்கும் தெரியாது. உங்கள் மாமியார் ஆறு பேர் சொன்னதையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விளைவு என்ன? குரூப்புக்குப் பிடிக்காதவர் வாராவாரம் பட்டியலில். அவரை ரசிப்பவர்களுக்கு வாராவாரம் ஓட்டுப் போட வேண்டிய கட்டாயம். ஏழெட்டு வாரத்தில் அது பழக்கமாகிவிடும். ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்ட குரூப் ஆட்கள் முதன்முதலாகப் பட்டியலில் வரும்போது அவர்களுக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய ஆளே இருக்க மாட்டார். அதிலும் இரண்டு பேர் ஒரே வாரம் மாட்டினால், இருவரையும் பிடித்த ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளக்கும். நாலாம் சீசனில் 'அன்பு கேங்' என்று பேர் வாங்கிய கூட்டம் ஒருவர் பின் ஒருவராக வெளியே வர, அடிக்கடி நாமினேட் ஆன ஆரி கோப்பையோடு போனார். ஏழாம் சீசனில் வைல்டு கார்டில் நுழைந்து, உள்ளே இருந்த கூட்டத்தோடு மோதிக்கொண்டே இருந்த அர்ச்சனா ஜெயித்தார்.

மாமியாரிடம் ஒரு விதிவிலக்கையும் சொல்லுங்கள். மூன்றாம் சீசனில் கவின், சாண்டி, முகேன், தர்ஷன் நாலு பேரும் வெளிப்படையாகவே குரூப். முகேன் ஜெயித்தார், சாண்டி இரண்டாமிடம். அந்தக் கூட்டம் யாரையும் மட்டம் தட்டுவதற்காகச் சேர்ந்ததாக ஜனங்களுக்குத் தோன்றவில்லை, பாட்டும் கேலியுமாக இருந்தார்கள். ஆனால் அதே குரூப்பின் தர்ஷன் இறுதிக்கு முன்னால் வெளியேறியதற்கு நான் மேலே சொன்ன ஓட்டுப் பிளவும் ஒரு காரணம் என்பேன். கவின் பணப்பெட்டியை (போட்டியிலிருந்து விலகச் சம்மதிப்பவருக்குக் கிடைக்கும் பணம்) எடுத்துக்கொண்டு கிளம்பியதைச் சிலர் தியாகம் என்றார்கள். எனக்கு அது நல்ல கணக்காகவும் தெரிகிறது: முதல் பரிசு 50 லட்சம் ஒருவருக்குத்தான், தான் முதலிடம் இல்லை என்று தெரிந்தவர் பெட்டியைத் தொடாமல் இருப்பதுதான் விநோதம். (பரிசுப் பணத்தில் 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். 50 லட்சம் என்றால் 15 லட்சம் அங்கேயே போய்விடும்.)

சரி, சில்வர் பீச். 11 பேரில் பெரியவர்கள் 4. நாலு ஓட்டு ஒன்றாக, ஏழு ஓட்டு சிதறலாக. ஒரே சுற்றில் அதிக ஓட்டு வாங்கியவர் வெளியே என்று விதி இருந்தால் சின்னவர்கள் பிழைக்க வழியே இல்லை. அவர்களில் ஐந்து பேர் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும், எட்டு வயசுப் பிள்ளைகளிடம் அது நடக்காது. இரண்டு சுற்றாக்குங்கள். முதல் சுற்றில் அதிகம் வாங்கிய இரண்டு பேர் எழுந்து நிற்க வேண்டும். இரண்டாம் சுற்றில் மற்றவர்கள் அந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் போட வேண்டும். இப்போது பெரியவர்களில் ஒருவரை நிற்க வைக்க, சின்னவர்கள் இரண்டு பேர் ஒத்துப்போனாலே பெரும்பாலும் போதும். அதற்கப்புறம் மீதிச் சின்னவர்களின் ஓட்டு தானாக அங்கே போகும்.

பெரியவர்களில் மூத்த பிள்ளையை ஆட்டத்தை நடத்துபவராக ஆக்கிவிடுங்கள். பெருமையும் கிடைக்கும், கூட்டணியில் ஒரு ஓட்டும் குறையும். மீதி 10 பேர், ஐந்து ஐந்தாக இரண்டு அணி. பெரியவர்கள் மூவரும் ஒரே அணியில் வரக்கூடாது. மூன்று பேர் வெளியேறியதும் அணிகளைக் கலைத்து, அந்த மூவருக்கும் ஒரு போட்டி வைத்து ஒருவரைத் திரும்பச் சேருங்கள். அங்கிருந்து 8 பேர், கடைசியில் 3. வெளியேறிய 7 பேரும் ஜூரி. ஜூரி என்றதும் பாதி அழுகை நின்றுவிடும், யாரும் வீட்டுக்குப் போகவும் மாட்டார்கள்.

மொத்தம் எட்டு வெளியேற்றம். ஒவ்வொன்றுக்கும் போட்டி 15 நிமிஷம், பேச 10, ஓட்டு 5. நாலு மணி நேரம் வரும், ஒரே நாளில் இழுக்காதீர்கள். இரண்டு சாயங்காலம், 4.30-லிருந்து 6.30 வரை. பேசும் பத்து நிமிஷத்தைக் குறைத்துவிட வேண்டாம். ஒரே அறையில் படுக்கிற பிள்ளைகள் ராத்திரியே பேசி முடித்திருப்பார்கள், மற்றவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் உண்டு. போட்டிகள் மணலில் மட்டும். கொட்டாங்குச்சியில் தண்ணீர் கொண்டுவந்து வாளி நிரப்புவது போதும், தண்ணீரைப் பெரியவர் ஒருவர் குடத்தில் எடுத்து மேலே வைத்துவிடட்டும். அலையில் இறங்கும் போட்டி எதுவும் வேண்டாம்.

ஓட்டுச் சீட்டில் பிள்ளைகளை எழுத வைக்காதீர்கள். கையெழுத்தை வைத்து யார் போட்டது என்று கண்டுபிடித்து அடுத்த சுற்றில் பழிவாங்குவார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, நடத்துபவரே எல்லாப் பெயர்களையும் எழுதி ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்துவிட வேண்டும். வேண்டிய அட்டையை மட்டும் டப்பாவில் போட்டால் போதும். ஓட்டின் முதல் சுற்றில் இரண்டாம் இடம் சமனானால் அவர்கள் எல்லோரும் நிற்கட்டும். கடைசி ஜூரி ஓட்டு 3–3–1 என்று வந்தால், ஒரு ஓட்டு வாங்கியவர் மற்ற இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை ஆட்டம் தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் விதியை இப்போதுதான் மாற்றினீர்கள் என்று சண்டை வரும்.