கணக்கில் வராத சிப்பிகள்

அன்புள்ள ஐயா,

மசல் சிப்பி உற்பத்தியை நாடுவாரியாகக் காட்டும் ஒரு வரைபடம் பார்த்தேன். கடலில் தானாக விளைந்ததைப் பிடிப்பதில் டென்மார்க் முன்னால் நிற்கிறது. ஸ்பெயின், நெதர்லாந்து கோடுகள் தரையோடு கிடக்கின்றன. நியூசிலாந்தின் கோடு அறுபதுகளிலேயே விழுந்துவிட்டது. இவர்கள் பண்ணைக்கு மாறியதால் கடல் தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் வடகரையோரம் உள்ள ஆழமற்ற வாடன் கடலின் அடியில் பிறந்த குஞ்சுகளை வாரி, தங்களுக்கு ஒதுக்கிய கடலடிப் பாத்திகளில் விதைக்கிறார்கள். பாத்தியில் வளரும் சிப்பிக்கு உரிமையாளர் இருப்பதால் விளைச்சல் பண்ணைக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஸ்பெயினின் கலீசியாவில் பாறையில் சுரண்டிய குஞ்சுகளை மிதவைக் கயிற்றில் கட்டி வளர்ப்பதும் இப்படித்தான். 1990 வாக்கில் வாடன் கடலில் இருந்த சிப்பித் திட்டுகளையே வாரி எடுத்தபோது, அவற்றைத் தின்று வாழும் ஈடர் வாத்துகள் பட்டினியில் செத்தன. 2008இல் சிப்பித் தொழிலினரும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் அரசும் உடன்பாடு செய்துகொண்ட பிறகுதான் வாருவதைப் படிப்படியாகக் குறைத்து, நீரில் கயிறும் வலையும் தொங்கவிட்டுக் குஞ்சு பிடிக்கிறார்கள்.

டென்மார்க்கும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்கு மேல் எடுத்தது. இன்று அவ்வளவு இல்லை. வயல் உரம் கரைந்து சேர்ந்து பாசி பெருகி அழுகுவதால், கோடையில் அந்நாட்டின் லிம்ஃப்யோர்டு என்ற கடல்நீர்ப் பரப்பின் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து சிப்பிகள் மொத்தமாக மடிவதும் இதற்கு ஒரு காரணம்.

என்னை மிகவும் வருத்துவது நியூசிலாந்தின் ஹவுராக்கி வளைகுடாதான். அங்கே பச்சை உதட்டுச் சிப்பி என்ற மசல் வகையை 1910 வாக்கிலிருந்து இரும்பு வாரிகளால் இழுத்தார்கள். 1961இல் சுமார் 2,800 டன் கிடைத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழிலே முடிந்துபோனது. குறைந்தது 500 சதுர கிலோமீட்டர் சிப்பித் திட்டு அழிந்தது. சரி, வாருவதை நிறுத்தினால் திரும்பி வரும் என்றுதானே நினைப்போம்? அரை நூற்றாண்டு கடந்தும் வரவில்லை. நீரில் மிதந்து வரும் குஞ்சுக்குப் பற்றிக்கொள்ள ஓர் இழையோ, தாய்ச் சிப்பிகளின் கொத்தோ வேண்டும். அதையெல்லாம் வாரியாயிற்று; ஆறுகள் கொண்டுவந்த சேறுதான் மிச்சம். அந்நாட்டுப் பண்ணைகள்கூட, வடக்கே ‘தொண்ணூறு மைல் கடற்கரை’ என்று பெயர் பெற்ற கரையில் ஒதுங்கும் கடற்பாசியில் ஒட்டியிருக்கும் இயற்கைக் குஞ்சுகளைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன.

இப்போது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களும் தன்னார்வலர்களும் வளர்ந்த சிப்பிகளை டன் கணக்கில் படகில் ஏற்றிப்போய் வளைகுடாவின் அடியில் கொட்டுகிறார்கள். கொட்டியவற்றில் பல பிழைத்திருக்கின்றன. ஆனால் அவற்றின்மேல் புதுக் குஞ்சுகள் வந்து படிவது இன்னும் மிகக் குறைவு.