பதில்: போர்வெல்லில் வெந்நீர், சிவன்மலை எரிமலையாகுமா?

காங்கேயம் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டதில் வெதுவெதுப்பான தண்ணீர் வந்தது, அதிலிருந்து அப்புச்சி தோட்டத்தில் படுக்கவே பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பயமே வேண்டாம். ஆழம் போகப் போகப் பாறையில் சூடு ஏறும். அந்தச் சூடுதான் தண்ணீரில். சிவன்மலையும் பாறைக்குழம்பு உறைந்து உண்டானதுதான், ஆனால் நிலத்தடியிலேயே உறைந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

எரிமலைக்குள் குழம்பு மேலேறினால் பாறை பிளந்து சிறு நடுக்கங்கள் தொடரும், மலை லேசாக உப்பும், கந்தக வாயு கூடும். 1991இல் பிலிப்பைன்சின் பினடுபோவில் மே மாதம் இரண்டே வாரத்தில் அந்த வாயு நாளொன்றுக்கு 500 டன்னிலிருந்து 5,000 டன்னாக ஏறியது. இத்தகைய அறிகுறிகளைப் பார்த்துத்தான் ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேரை வெளியேற்றிக் காப்பாற்றினார்கள். உங்கள் தோட்டத்தில் இதில் எதுவுமில்லை. அப்புச்சியின் கயிற்றுக்கட்டிலை இன்றிரவே வெளியே போடுங்கள்.