நான்காவது வார்த்தைப்பாடு

கேள்வி: சிஸ்டர், துறவிகள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகள், அதாவது கடவுளுக்கு வாக்குறுதிகள், கொடுக்கிறீர்கள். பசித்தவருக்கு ஊட்டுவதும் நோயாளியைத் தேற்றுவதும் அதில் எங்கே இருக்கிறது?

பதில்: நாற்பது வருடம் நர்ஸாக இருந்த என்னிடம் சரியாகத்தான் கேட்டீர்கள். சில சபைகளில் அதற்கென்றே நான்காவது வார்த்தைப்பாடு உண்டு. புனித கமில்லஸின் சபையினர் உயிருக்கே ஆபத்து வந்தாலும் நோயாளிகளைக் கவனிப்பதாக வாக்களிக்கிறார்கள். அன்னை தெரசாவின் சபையில் அது பரம ஏழைகளுக்கு முழுமனதோடு செய்யும் இலவசப் பணி.

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். ஒரு காலத்தில் வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் பிரசவம் பார்க்கத் திருச்சபைச் சட்டமே இடம் கொடுக்கவில்லை! ராவல்பிண்டியில் டாக்டராக இருந்த அன்னா டெங்கல், ஆண் மருத்துவரிடம் போக முடியாத பெண்கள் பிரசவத்தில் இறப்பதைப் பார்த்தவர். 1925-இல் அவர் தொடங்கிய மருத்துவ மிஷன் சகோதரிகள் அமைப்பு, இந்தத் தடையால் திருச்சபை அதிகாரபூர்வமாக ஏற்கும் பொது வார்த்தைப்பாடு இல்லாமலேயே வேலையை ஆரம்பித்தது. 1936-இல்தான் ரோம் தடையை நீக்கியது.

எனக்கு? மூன்றுதான். புதிதாகச் சேர்ந்தபோது, ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. நானோ ஒரு பாட்டிக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தேன். பாட்டி ஒரு வாய்க்கு ஐந்து நிமிடம் எடுப்பார். பயந்துகொண்டே தாமதமாகப் போனேன். தலைவி திட்டவில்லை. “பாட்டி முழுசா சாப்பிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் மணிச்சத்தத்துக்கு நான் பயந்ததே இல்லை.