காரை விட்டு இறங்காதேங்கோ

கடிதம்:

அன்புள்ள அக்கா, போன லீவுக்கு குடும்பமா மன்னார் போயிட்டு மதவாச்சி ரோட்டால கொழும்புக்கு திரும்பி வரேக்க, குளக்கட்டு மருத மரமொண்டில பட்டப்பகல்ல பெரிய மண்ணிற ஆந்தை ஒண்டு இருந்தது. கமராவ தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினன், கதவுச் சத்தத்துக்கே பறந்திட்டுது, படத்தில மிஞ்சினது வெறும் கொப்பு. போன்ல ஆந்தைச் சத்தம் போட்டா திரும்பி வரும், இரவில ஃபிளாஷ் அடிச்சும் எடுக்கலாம் எண்டு நண்பன் சொல்லுறான். அம்மா என்னெண்டா ஆந்தையில முழிச்சது சரியில்லை எண்டு வீடு வந்து சேரும் வரைக்கும் நேர்ந்துகொண்டே வந்தா. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?
– ஒரு வாசகர், தெஹிவளை

பதில்:

அன்புள்ள தம்பி,

அந்த மரம் எந்த ஊர், எத்தினையாம் கட்டை எண்டு நீங்கள் எழுதினத வெட்டிப்போட்டுத்தான் கடிதத்த போட்டிருக்கிறன், கோவிக்காதேங்கோ. ஆந்தை பகல்ல ஒதுங்குற மரத்துக்கே திரும்பத் திரும்ப வாற பிராணி. இடம் தெரிஞ்சா அடுத்த சனி ஞாயிறு பத்து வாகனம் அங்க நிக்கும், பிறகு அது அந்த மரத்துக்கு வராது.

நீங்கள் கண்டது மீன் ஆந்தையா இருக்கவேணும். குளக்கரை, பெரிய மரம், மண்ணிறம் எல்லாம் பொருந்துது. காலில மற்ற ஆந்தைகளுக்கு மாதிரி இறகு இருக்காது, மீனும் நண்டும் தவளையும் பிடிக்கிறதுக்கு அது தான் வசதி. அதின்ர விஞ்ஞானப் பேரிலயே சிலோன் இருக்கு. அம்மாட்ட சொல்லுங்கோ, அது அங்க குந்தி இருந்தது தன்ர சாப்பாட்டுக்குத்தான், எங்கட வீட்டுச் செய்தி ஒண்டும் அதுக்குத் தெரியாது.

இனி படம். கார் ரோட்டால போறத பறவை நாள் முழுக்க பாக்குது, அதுக்கு காரில பயமில்லை, காரில இருந்து இறங்குற மனுசரிலதான் பயம். அதால மெல்ல ஓரங்கட்டி எஞ்சினை நிப்பாட்டுங்கோ, ஏனெண்டா எஞ்சின் அதிர்விலயே பாதிப் படம் கலங்கிப்போகும், பிறகு யன்னலை இறக்கி ஒரு துணிப்பையில அரிசியோ பயறோ ரெண்டு கிலோ நிரப்பி விளிம்பில வைச்சு அதுக்கு மேல லென்ஸை வையுங்கோ, நான் கனகாலமா இதைத்தான் செய்யுறன், பை தைச்சது வெள்ளவத்தையில எங்கட தையல்கார அக்கா. எங்கட ஊரில இடப்பக்கமா ஓடுறதால கரையோரம் வாறது ட்ரைவருக்குப் பக்கத்து சீட், நீங்கள் அதில இருங்கோ, வேற ஆரும் ஓட்டட்டும். இருக்கிற ஆந்தை அசையாது தானே, பையில வைச்சா ஷட்டர் வேகம் 1/125 கூட போதும், வெளிச்சத்துக்கெண்டு ஐஎஸ்ஓவ தேவையில்லாம ஏத்தவேண்டாம். ஃபோகஸ் புள்ளி ஒண்டை மட்டும் எடுத்து கண்ணில வையுங்கோ, இல்லாட்டி முன்னால நிக்கிற சுள்ளியத்தான் கமரா பிடிக்கும். பின்னால வானம் வெளிச்சமா இருந்தா பறவை கறுத்துப்போகும், அப்ப எக்ஸ்போஷரை பிளஸ் ஒண்டு கூட்டுங்கோ. வங்காலைப் பக்கம் பூநாரை எடுக்கேக்க கிட்டத்தட்ட இதுக்கு எதிர்மாறு, வெள்ளை வெளுறிப்போகாம கொஞ்சம் குறைக்கோணும்.

உடம்பு தளர்ந்து, கண்ணை பாதி மூடிக்கொண்டு இருந்தா அது நிம்மதியா இருக்கு எண்டு அர்த்தம். உடம்பை ஒடுக்கி, நிமிர்ந்து, கண்ணை முழுசாத் திறந்து உங்களையே பாக்குதெண்டா நீங்கள் வெளிக்கிட நேரமாச்சு.

போன்ல சத்தம் போடுறது மட்டும் வேண்டவே வேண்டாம். அதுக்கு அது பாட்டில்லை, வேற ஒரு ஆண் ஆந்தை தன்ர இடத்துக்குள்ள வந்து சண்டைக்குக் கூப்பிடுற சத்தம். தீனியையும் குஞ்சையும் விட்டிட்டு வருது. ஒருக்கா கித்துல்கலயில எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் திரும்பத் திரும்ப போட்டார், செரண்டிப் ஆந்தை எண்டு சொல்லுற ஒரு சாண் உயரச் சின்ன ஆந்தை எங்கட தலைக்கு மேலயே வந்து அந்தரப்பட்டுது, நானும் நிப்பாட்டச் சொல்லாம எடுத்தன். அந்தப் படத்த இண்டைக்கும் ஆருக்கும் காட்ட மனம் வரேல்ல. அந்த இனத்த உலகத்துக்கு காட்டின பறவை ஆய்வாளர் தீபால் வரக்காகொட 1995இல அதின்ர குரலத்தான் முதல் கேட்டவர், ஆளைக் கண்டது 2001இல, புது இனம் எண்டு விவரிச்சது 2004இல. ஆறு வருசம் ஒரு சத்தத்துக்குப் பின்னால நடந்த மனுசர் அவர். நாங்கள் ஆறு நிமிசம் இருக்கமாட்டமா?

ஃபிளாஷும் அப்பிடித்தான். இருட்டுக்கெண்டே அமைஞ்ச கண், அடிச்சா கொஞ்ச நேரத்துக்கு கண் கூசிப்போகும், அந்த நேரத்தில அது எங்க மோதும் எண்டு ஆருக்குத் தெரியும். இரவில வன்னிப் பக்கம் ஓடேக்க ரோட்டில சிவப்பா ரெண்டு கண் மின்னினா வேகத்த குறையுங்கோ, பக்கிக் குருவி சூட்டுக்கு தாரில வந்து குந்தி இருக்கும், கடைசி நேரம் வரைக்கும் எழும்பாது.

மன்னார் வரைக்கும் திரும்பப் போக முந்தி தலவத்துகொட தியசரு பார்க்கிலயோ பெத்தகான ஈரநிலப் பூங்காவிலயோ விடிய ஆறரைக்குப் பழகுங்கோ, ரெண்டும் உங்களுக்குத் தூரமில்லை. பேசாம நிண்டு காது குடுங்கோ, புலுனிகளும் கரிக்குருவியும் ஒரு மரத்தைச் சுத்தி ஒரேயடியாக் கத்திச்செண்டா அதுக்குள்ள ஆந்தை இருக்கக்கூடும்.

படம் வந்தா கட்டாயம் அனுப்புங்கோ தம்பி, மரம் எங்க எண்டு எனக்கும் எழுதாதேங்கோ.