ரிவர்ஸ் எடுக்கும் முன்: கேள்வி-பதில்

கே: பொலீரோவுக்கு ஆன்லைனில் 'ஹெச்டி நைட் விஷன்' கேமரா வாங்கி, ஏற்கெனவே இருந்த திரையோடு மாட்டினேன். படம் உருள்கிறது, சில நேரம் ஒன்றுமே தெரிவதில்லை. (ஓசூர்)

ப: திரை எந்த சிக்னலை ஏற்கும் என்று வாங்குமுன் பார்த்தீர்களா? பழைய திரைகள் பலவும் சிவிபிஎஸ் (பழைய சாதாரண வீடியோ சிக்னல்) மட்டுமே ஏற்கும். ஏஹெச்டி (கூடுதல் தெளிவுள்ள வீடியோ சிக்னல்) கேமராவை அதில் சொருகினால் இப்படித்தான் ஆடும். சில கேமராக்களில் வயரோடு சின்ன லூப்கள் இருக்கும். ஒன்றை வெட்டினால் சிக்னல் மாறும், இன்னொன்று வழிகாட்டிக் கோடுகளை அழிக்கும், மற்றொன்று படத்தை இடவலம் திருப்பும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், அதனால் உடன் வந்த தாளைப் படிக்காமல் கத்தரி வைக்காதீர்கள்.

சிக்னல் பொருந்தியும் படம் விட்டுவிட்டு வந்தால், ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, கியரை ரிவர்ஸில் வைத்து, ஒருவரைப் பின்கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு அசையும்போது படம் போனால், கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கிறது. கேமராவை மாற்றிப் பயனில்லை. ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும் வண்டி என்பதால் கேமராவை சக்கரத்தின் நடுவில் பிராக்கெட் போட்டு மாட்டுங்கள். நம்பர் பிளேட் மேல் வைத்தால் பாதிப் படம் டயர்தான்.

கே: கடையில் கேமராவும் சென்சாரும் போட்டேன். பதினைந்தே நாளில் கேமரா கண்ணாடிக்குள் நீர் கோத்துவிட்டது. பில் இல்லை என்பதால் மாற்றித்தர மாட்டேன் என்கிறார். (நாமக்கல்)

ப: பில் கொடுக்காதவரே 'பில் இல்லை' என்கிறார்! 'பில் வேண்டாம்னா வரி மிச்சம் சார்' என்ற பேச்சில் மிச்சம் அவருக்கு, நஷ்டம் உங்களுக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பொருளைத் திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். உங்களுக்குப் பாதிதான் ஆகியிருக்கிறது. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, நீர் கோத்த படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். குறையையும் தேதியையும் எழுதிக் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஏமாற்றியவர் அவர், நீங்கள் ஏன் கூச வேண்டும்? அடுத்த முறை பில்லில் கேமராவின் மாடல் எண்ணும் வாரன்டி மாதமும் எழுதி வாங்குங்கள். 'ஆக்சஸரீஸ் 1' என்று கிறுக்கினால் செல்லாக்காசு.

கே: ஏழு சீட் புது வண்டி. ரிவர்ஸ் சென்சாருக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். சரியா? (திண்டுக்கல்)

ப: 1 ஜூலை 2019 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம், கம்பெனியிலேயே வர வேண்டியது. எதற்கு வாங்கினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கே: இன்னோவாவில் இடப்பக்கம் வரும் பைக் தெரிவதில்லை. உள்கண்ணாடிக்குப் பதிலாகக் கேமரா மிரர் (பின்கேமராப் படத்தைக் காட்டும் திரை) வாங்கலாமா? (காரைக்குடி)

ப: முதலில் காசில்லாத வேலை. மூன்றாம் வரிசை ஹெட்ரெஸ்ட்களை, ஆள் இல்லாதபோது, கழற்றிவிடுங்கள். பிறகு தலையை வண்டியின் நடுப்பக்கம் சாய்த்து, சொந்த வண்டியின் விளிம்பு மட்டும் தெரிகிற அளவுக்கு இடக் கண்ணாடியை வெளியே திருப்புங்கள். வலப்பக்கத்துக்கு ஜன்னலோரம் சாய்ந்து அதே வேலை. பெரும்பாலானோர் கண்ணாடியில் பாதியைச் சொந்தக் கதவைப் பார்க்கவே செலவழிக்கிறார்கள். இதற்கும் போதாவிட்டால் 2 அங்குல குவி ஒட்டுக்கண்ணாடி, மேல் வெளிமூலையில். அதில் வண்டி தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும், நம்பி ஒடிக்காதீர்கள்.

கேமரா மிரர்? நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் தலைவலி. கண்ணாடியில் பார்வை தொலைவுக்குப் போகும், திரையில் அரை மீட்டருக்குள் நிற்க வேண்டும். நான் வாங்கியது அலமாரியில் கிடக்கிறது.

கே: பின்னால் ஒன்றுமே இல்லை, சென்சார் கத்துகிறது. (தேனி)

ப: டோ ஹூக்கையோ (வண்டி இழுக்கும் கொக்கி) ஸ்டெப்னியையோ பார்க்கிறது, அல்லது இரும்பு பம்பரில் ரப்பர் வளையம் இல்லாமல் மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினை அணைத்து, இக்னிஷனையும் ரிவர்ஸ் கியரையும் போட்டு, ஒவ்வொரு சென்சார் மேலும் விரல் வையுங்கள். வேலை செய்கிற சென்சார் மெல்ல டிக் டிக் என்று துடிக்கும், செத்தது சும்மா இருக்கும். மெல்லிய கம்பியும் தாழ்ந்த கல்லும் எந்த சென்சாருக்கும் சரியாகத் தெரியாது. இறங்கிப் பாருங்கள்.

கே: பின் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம்? (சேலம்)

ப: 2012-இலேயே உச்ச நீதிமன்றம் தடுத்தது. கிழித்துவிடுங்கள்.