ஈர்க்குச்சியில் ஒரு கடல்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் 5 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மே விடுமுறையில் இரண்டு நாள் கைவேலை முகாம் நடத்தப் போகிறோம். 'வெப்பமண்டலத் தீவு' என்று கருப்பொருளை முடிவு செய்துவிட்டு, பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் காகிதத் தட்டில் தென்னை மரம், கிரேப் காகிதத்தில் புல் பாவாடை, பூமாலை, 'டிக்கி' முகமூடி என்று வருகிறது. மறுநாளே எல்லாம் குப்பைக்குப் போய்விடும். அந்தத் தீவு மக்கள் உண்மையில் கையால் செய்கிற ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன். செலவு கையைக் கடிக்காமலும் இருக்க வேண்டும்.

தேன்மொழி, ஈரோடு

அன்புள்ள தேன்மொழி,

முகமூடியை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். டிக்கி என்பது பசிபிக் கடலின் பாலினீசியத் தீவு மக்கள் முன்னோரையும் தெய்வங்களையும் மரத்திலும் கல்லிலும் செதுக்கிய உருவம். அதைக் கோமாளி முகமாக்கியது 1930களில் கலிஃபோர்னியாவில் கிளம்பிய மதுக்கடை அலங்காரம். புல் பாவாடையும் ஹவாயின் பழைய உடுப்பு அல்ல. அங்கே ஹூலா ஆடியவர்கள் மரப்பட்டையை அடித்துச் செய்த துணியைக் கட்டினார்கள்; புல் பாவாடை 19ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் தீவுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களோடு வந்தது. பூமாலை அவர்களுடையதுதான். ஆனால் ஈரோட்டுப் பிள்ளைக்கு மாலை கட்டச் சொல்லித்தர ஹவாய் எதற்கு, வீட்டில் பாட்டி இருக்கிறாரே.

மார்ஷல் தீவுகளின் குச்சி வரைபடத்தைச் செய்யச் சொல்லுங்கள். பசிபிக் நடுவே 29 பவளத்தீவு வளையங்களும் 5 தனித் தீவுகளும் கொண்ட நாடு அது. மொத்த நிலமும் 181 சதுர கிலோமீட்டர்தான். அது சிதறிக் கிடக்கும் கடல் ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர். தரை சராசரியாக 2 மீட்டர் உயரம் என்பதால், படகில் கொஞ்சதூரம் போனாலே தீவு கண்ணுக்கு மறைந்துவிடும். அங்கத்திய மாலுமிகள் அலையை வைத்துத் தீவைக் கண்டுபிடித்தார்கள். எங்கோ தொலைவில் கிளம்பி ஒரே சீராக வரும் நெடிய அலை, தீவை நெருங்கும்போது வளைகிறது. இருபுறமும் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் ஒன்றோடொன்று மோதுகிறது. படகு ஆடுகிற விதம் அங்கே மாறும். அந்த ஆட்டத்தை உடம்பால் உணர்வதற்காகவே படகுக்குள் படுத்துக்கொண்டு வழி சொன்னவர்கள் இருந்தார்கள்.

இதைக் கற்றுக்கொடுக்கத்தான் அந்த வரைபடம். தென்னை ஈர்க்குகளை நாரால் கட்டிய ஒரு சட்டகம். வளைந்த ஈர்க்கு அலை வளைவதைக் காட்டும், சோழி தீவைக் காட்டும். அதைக் கடலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கரையிலேயே மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புவார்கள். தலைவர் குடும்பங்களுக்குள் பொத்திவைத்த வித்தை என்பதால், செய்தவர் சொல்லித்தராமல் மற்றவருக்கு விளங்காது. விங்க்லர் என்ற ஜெர்மன் கடற்படை கேப்டன் 1898இல் விரிவாக எழுதிய பிறகுதான் வெளியார் பலருக்கு விஷயம் புரிந்தது. இன்று அந்த நாட்டு அரசு முத்திரையிலேயே ஒரு குச்சி வரைபடம் இருக்கிறது.

(அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததும் இதே நாட்டில்தான். 1954இல் கதிரியக்கச் சாம்பல் கொட்டிய ரோங்கலாப், மாலுமிகளுக்குப் பயிற்சி நடந்த தீவு. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இதை மறைக்க வேண்டாம்.)

கைவேலைக்கு முன்னால் ஒரு அகலமான டப்பில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உருண்டைக் கல் ஒன்றை வையுங்கள், பாதி வெளியே தெரியும்படி. ஒரு ஓரத்தில் அடிஸ்கேலைக் கிடையாகப் பிடித்து மெதுவாக, ஒரே தாளத்தில் தண்ணீரைத் தட்டுங்கள். கல்லின் இருபுறமும் சுற்றிப்போகும் அலை பின்னால் சந்திப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பார்க்காமல் கட்ட ஆரம்பித்தால் அதுவும் வெறும் ஒட்டு வேலைதான்.

கடைத் துடைப்பத்து ஈர்க்கு காய்ந்திருக்கும், வளைத்தால் படக்கென்று முறியும். முந்தின இரவே ஊறவைத்துவிடுங்கள். பச்சை மட்டை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, அதிலேயே நூற்றுக்கு மேல் ஈர்க்கு தேறும். ஓலையைக் கிழித்து ஈர்க்கை உருவுவதைப் பிள்ளைகளிடமே விடலாம். கத்தியால் சீவுகிற வேலை மட்டும் பெரியவர்களுக்கு. ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். இரண்டை எடுத்து, ஒன்றின் அடி மற்றதன் நுனியோடு சேரும்படி வைத்துக் கட்டினால் சட்டகம் கோணாது. ஒன்றரை அடிச் சதுரம், மூலைக்கு மூலை இரண்டு ஈர்க்கு, அவை வெட்டும் இடத்தில் தீவு. பிறகு தீவைப் பார்த்து வளைகிற ஈர்க்குகள், நாலு பக்கமும். வளைவின் நடுவை முதலில் கட்டிவிட்டு, அப்புறம் இரு முனைகளையும் இழுத்துக் கட்ட வேண்டும். பசை வேண்டாம், வளைத்த ஈர்க்கு நிமிரத்தான் பார்க்கும், பசை அதைத் தாங்காது. பருத்தி நூலை இருபுறமும் பெருக்கல் குறிபோலச் சுற்றி முடிச்சுப் போட்டால் நிற்கும். சோழி கிடைக்காவிட்டால் சட்டைப் பொத்தான்.

கட்டி முடித்ததும், 'உன் தீவுக்கு எந்தப் பக்கமிருந்து அலை வருகிறது?' என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் போதும், கட்டு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்கு முடிச்சு வராது. அவர்களுக்கு, அதே பசிபிக்கில் உள்ள வனுவாட்டு தீவுகளின் மணல் சித்திரம். மணலிலோ சாம்பலிலோ கட்டம் போட்டு, அதைச் சுற்றி ஒரே விரலால், எடுக்காமல், போன கோட்டிலேயே திரும்பப் போகாமல் வரைவது. நம் சிக்குக் கோலத்துக்கு நெருங்கிய உறவு. கணித அறிஞர்கள் இரண்டையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த மணல் சித்திரம் 2008 முதல் இருக்கிறது. வனுவாட்டுவின் மலேகுலா தீவில் இந்தச் சித்திரங்களைப் படியெடுத்த பெர்னார்ட் டீக்கன் என்ற இளம் மானுடவியலாளர், ஊர் திரும்புமுன் 1927இல் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அவர் பதிவு செய்த கதை ஒன்று பிள்ளைகளுக்குக் கட்டாயம் பிடிக்கும். செத்தவரின் ஆவி மறுவுலகம் போகிற வழியில் ஒரு பேய் சித்திரம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். ஆவி நெருங்கியதும் பாதியை அழித்துவிடும். மிச்சத்தைச் சரியாகப் போட்டு முடித்தால் வழி கிடைக்கும், இல்லையென்றால் பேய் தின்றுவிடும்.

இதையே விளையாட்டாக வைத்துவிடுங்கள். தாம்பாளத்தில் கோலமாவைப் பரப்பி, ஒரு பிள்ளை போட, எல்லோரும் பார்த்துக்கொள்ள, பேய் பாதியை அழிக்க, இன்னொரு பிள்ளை முடிக்க வேண்டும். முதலில் நாலு புள்ளிக் கோலம் போதும். எல்லோரும் பேயாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடிப்பார்கள், முன்கூட்டியே முறை போட்டுவிடுங்கள்.